கால் படாத இடத்தில் பழைய ஆயில்

போன மாதம் மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு புதிய மோட்டார் பட்டறையின் திறப்பு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற ஃபோர்மன் என்பதைவிட, அந்தக் காலத்து ஃபோர்மன்களில் இன்னும் நடமாடிக்கொண்டிருப்பவன் என்பதுதான் அழைப்புக்குக் காரணம். மாலை போட்டார்கள், உப்பிட்டு என்கிற உப்புமாவும் கேசரியும் கொடுத்தார்கள், பட்டறையைச் சுற்றிக் காட்டினார்கள். ஒரு மூலையில் பச்சை வர்ணம் அடித்த பீப்பாய் ஒன்று இருந்தது. அதற்கு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு. என் கல்யாணத்தில் வந்த தகரப் பெட்டிக்குக்கூட அப்படியொரு பூட்டு இருந்ததில்லை. உள்ளே என்ன என்று கேட்டேன்.

"பழைய ஆயில் சார். மண்ணுல ஒரு சொட்டு விடக்கூடாதுன்னு ரூல். ஆளுங்க வந்து எடுத்துட்டுப் போவாங்க" என்றார் பட்டறைக்காரர். பிறகு மரியாதைக்காக, "உங்க காலத்துல என்ன சார் பண்ணுவீங்க?" என்றார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போவோம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். வயதானவன் வாயைத் திறந்தால் சிரித்துவிடுவது இப்போதைய மரியாதை போலிருக்கிறது. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே வீட்டுக்குத்தான் எடுத்துக்கொண்டு போனோம். அதனால் ஒரு வீடே கைவிட்டுப் போகப் பார்த்தது. அதை அங்கே சொல்ல நேரமில்லை. ரிப்பன் வெட்டுகிறவர் வந்துவிட்டார். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் கொள்ளேகால் பக்கத்துக்காரன். வீட்டில் நிலம் இருந்தது, அண்ணன்மார்களும் நிறைய இருந்தார்கள். அதனால் என்னை மைசூருக்கு அனுப்பி ஒரு பஸ் கம்பெனியின் கராஜில் சேர்த்தார்கள். முதல் சில வருஷம் விளக்கைப் பிடித்தேன், ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன், வசவு வாங்கினேன். அப்புறம் நானே ஸ்பானரைப் பிடித்து மற்றவர்களை வைதேன். தொழில் கற்பதென்றால் சுருக்கமாக அவ்வளவுதான். தேசத்துக்குச் சுதந்திரம் வந்தபோது நான் ஃபிட்டர். அன்று கராஜில் கொடியேற்றி லட்டு கொடுத்தார்கள். மறுநாள் அதே பஸ், அதே உடைந்த கியர்பாக்ஸ்.

எங்கள் சூப்பரிண்டெண்ட் நரசிம்ம ஐயங்கார். மேல்கோட்டைக் குடும்பம், மைசூரில் தலைமுறை தலைமுறையாக உத்தியோகம். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, சரிகைத் தலைப்பாகை, நெற்றியில் திருமண், கையில் குடை. மழை பெய்தாலும் அந்தக் குடையை அவர் விரிக்க மாட்டார். அதன் நுனியால் வண்டியின் எந்த பாகம் சரியில்லை என்று சுட்டிக்காட்டுவதுதான் அதற்கு வேலை. அவர் கையில் எண்ணெய் பட்டு யாரும் பார்த்ததில்லை. அவர் கண்ணில் படாமல் ஒரு சொட்டு எண்ணெய் போனதும் கிடையாது.

வண்டிக்கு ஆயில் மாற்றுவதென்றால் மற்ற கராஜ்களில் அது ஒரு வேலை. எங்களிடம் அது ஒரு வைதிகக் காரியம். முதலில் இஞ்சினை ஓட்டிச் சூடேற்ற வேண்டும். ஆறிப்போன ஆயில் அடியில் ஒட்டிக்கொண்டு இறங்காது. பிறகு வண்டியின் கீழே படுத்து, தட்டை நகர்த்தி வைத்து, அடியிலிருக்கும் பிளக்கை ஸ்பானரால் தளர்த்தி, கடைசித் திருகை மட்டும் விரலால் திருக வேண்டும். விரலை எடுப்பது ஒரு நொடி தாமதித்தால் கொதிக்கிற ஆயில் முழங்கைவரை ஓடும். முதலில் அது கயிறாக விழும், அப்புறம் நூலாகும், அப்புறம் சொட்டும். மற்ற கராஜ்களில் நூலானதும் பிளக்கைப் போட்டுவிடுவார்கள். ஐயங்கார் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். கடைசிச் சொட்டு தட்டில் விழுந்து, அதற்கடுத்த சொட்டு வருமா வராதா என்று இஞ்சினே யோசிக்கிறவரை நிற்பார். "ம், போடு" என்று அவர் சொன்னால்தான் பிளக்.

அதோடு விட்டதா? அந்தப் பழைய ஆயிலைக் கிழிந்த வேட்டியில் வடிகட்டிப் பீப்பாயில் ஊற்றித் தெளிய விடுவோம். மேலே தெளிந்தது கேட்டுக் கதவுக்கும், கப்பிக்கும், இனி எது ஊற்றினாலும் ஒன்றுதான் என்ற நிலையிலிருந்த ஒரு பழைய லாரிக்கும். அடியில் தங்கிய கசடு பின்னாலிருந்த குழிக்கு. வருஷக்கணக்கில் ஊற்றியதில் குழி நிரம்பி ஒரு மழைக்குத் தெருவுக்கு வந்தது. முனிசிபாலிட்டியிலிருந்து ஆள் வந்து பார்த்துக் குழியை மூடச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சமயம் பார்த்து நாங்கள் ஐயங்காரிடம் ஒரு விண்ணப்பம் வைத்திருந்தோம். கை கழுவ சோப்பு வேண்டும் என்று. சனிக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டார். சோப்புதான் வரப்போகிறது என்று வரிசையில் நின்றோம்.

"தேசத்துக்கு சொதந்திரம் வந்துடுத்து" என்று ஆரம்பித்தார். "அதுக்காக எண்ணெய்க்கும் வந்துடுத்துன்னு அர்த்தமில்லே. டில்லியிலே அஞ்சு வருஷத்துக்குத் திட்டம் போடறா. நாம ஒரு வாரத்துக்காவது போட வேண்டாமா? இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை ஆளுக்கொரு டின் பழைய ஆயில் ஆத்துக்கு எடுத்துண்டு போங்கோ. கதவுக் கீலுக்கு விடுங்கோ. கரையான் வராம உத்தரத்துக்குப் பூசுங்கோ. சாக்கடையிலே ரெண்டு கரண்டி விட்டா கொசு செத்துப்போகும். கட்டில் சந்துலே விட்டா மூட்டைப்பூச்சி ஓடிப்போகும். ஒரு டின் ஆயில் ஆத்துலே இருந்தா ஒரு டாக்டர் இருக்கற மாதிரி."

"சார், சோப்பு..." என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"கையிலே ஒட்டிண்டிருக்கே, அந்த எண்ணெயையும் ஆத்துக்குத்தானே கொண்டு போறேள்? நான் ஏதாவது கேட்டேனோ?"

குழியை மூடினோம். அன்றிலிருந்து எங்கள் வீடுகளெல்லாம் குழியாயின.

அப்போது எனக்குப் புதுக் கல்யாணம். லஷ்கர் மொஹல்லாவில் ஒரு வடாரத்தில் குடியிருந்தோம். மைசூர்க்காரர்களுக்கு வடாரம் என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு முற்றம், அதைச் சுற்றி எட்டு வீடு, எட்டுக்கும் ஒரே கிணறு, ஒரே சண்டை. வீட்டுக்காரம்மா ராஜம்மா, அதில் முதல் வீட்டில் இருந்தார். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் பாட்டன் காலத்திலேயே மைசூர் வந்துவிட்டவர்கள். தமிழில் பேச்சைத் தொடங்கிக் கன்னடத்தில் கோபித்துக்கொள்வார். கராஜ்காரனுக்கு வீடு விடுவதற்கே முதலில் யோசித்தார். என் மனைவி பொன்னம்மாளின் முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார். இதை என்னிடம் அடிக்கடி சொல்வார்.

முதல் டின்னைக் கொண்டுபோனபோது பொன்னம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "இதென்னங்க இது, செத்த எருமையக் காய்ச்சி எடுத்தாப்பல?" என்றாள். ஐயங்காரின் பிரசங்கத்தை அப்படியே ஒப்பித்தேன். கட்டில் சந்துகளில் ஆயில் விட்டோம். மூட்டைப்பூச்சி ஓடியது உண்மை. மூட்டைப்பூச்சிக்கு இருந்த சூடு சொரணை எங்களுக்கு இல்லாததால் நாங்கள் அதே கட்டிலில் படுத்தோம். அவளுடைய கல்யாணச் சேலை ஒன்று அதோடு போயிற்று. அடுப்புப் பற்றவைக்கச் சுள்ளியில் தடவிப் பார்த்தோம். குப்பென்று பிடித்தது. அன்றைய சாம்பாரில் நஞ்சன்கூடு பஸ் போய்வந்த வாசனை அடித்தது. எதிர்வீட்டு வாத்தியார் சீமெண்ணெய்க்குப் பதிலாக விளக்கில் ஊற்றிப் பார்க்கிறேன் என்று வாங்கிப்போனார். மறுநாள் கரி படிந்த அவர் முகத்தைப் பார்த்து அவர் வகுப்புப் பிள்ளைகளே அடையாளம் தெரியாமல் எழுந்து நிற்கவில்லையாம்.

ராஜம்மாவுக்கு மட்டும் அந்த எண்ணெய் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர் வீட்டுக் கதவு திறந்தால் கிரீச் என்று வடாரம் முழுவதும் கேட்கும். அதைக் கேட்டுத்தான் நாங்கள் மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் அவரைப் பற்றிய பேச்சை நிறுத்திக்கொள்வது வழக்கம். கீலுக்கு ஆயில் விட்டதும் சத்தம் நின்றுவிட்டது. ஒரே வாரத்தில் யார் யார் தன்னைப் பற்றி என்னென்ன சொல்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாதையா, உனக்குப் புண்ணியமாப் போகும், இனிமே அந்த அம்மா கதவுக்கு மட்டும் எண்ணெ கொடுக்காதே" என்று கெஞ்சினார். ஆனால் ராஜம்மா விடவில்லை. சனிக்கிழமை நான் வரும் வழியிலேயே நிற்பார். "ஸ்வல்ப, கொஞ்சம் இங்க ஊத்துப்பா" என்று சட்டியை நீட்டுவார். உத்தரத்துக்கு, உரலுக்கடியில் எறும்புக்கு, மாட்டுக் கொட்டகைத் தூணுக்கு. எனக்கும் டின் காலியாவது நிம்மதியாகத்தான் இருந்தது.

இப்படியே போயிருந்தால் ஒன்றுமில்லை. தசரா வந்தது.

மற்ற ஊரில் ஆயுத பூஜை ஒரு நாள் பூஜை. மைசூரில், அதுவும் கராஜில், அதற்குமுன் ஒரு வாரம் யாருக்கும் தலை நிமிராது. எல்லா வண்டியையும் கழுவி, சக்கரத்துக்குச் சுண்ணாம்பு வளையம் போட்டு, வாழைமரம் கட்டி, ரேடியேட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசணிக்காய் உடைத்துக் கும்பிட்டோம். விஜயதசமி காலையில் எல்லா வண்டிக்கும் புது ஆயில் போடுவது எங்கள் கராஜ் வழக்கம். புது வருஷக் கணக்கு மாதிரி. அதனால் அன்று மட்டும் பழைய ஆயில் மலைபோல் சேரும்.

நாங்கள் வழக்கம்போல் டின்களில் நிரப்பப் போனோம். ஐயங்காரின் குடை குறுக்கே வந்தது.

"நில்லுங்கோ. நேத்து பூஜை நடக்கறச்சே இந்த எண்ணெய் எங்கே இருந்தது?"

"இஞ்சினுக்குள்ள சார்."

"பூஜை இஞ்சினுக்குத்தானே ஆச்சு? அப்போ எண்ணெய்க்கும் ஆயிடுத்து. பூஜையான வஸ்துவை மூட்டைப்பூச்சிக்கு விடறதா? சாக்கடையிலே விடறதா? நாலு பேர் மிதிக்கற எடத்துலே ஊத்தினா மகா பாபம். கால் படாத எடமாப் பார்த்து விட்டுடுங்கோ."

சுவாமிக்குப் போட்ட பூவைக் கால் படாத இடத்தில் போடுவது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் யாருக்கும் அது விபரீதமாகப் படவில்லை. ஒவ்வொரு டின் மேலும் ஒரு செவ்வந்திப் பூவை வைத்து அனுப்பினார். ஆளுக்கு இரண்டு டின். ஊரே யானை ஊர்வலம் பார்க்க, அது போய் முடியும் பன்னிமண்டபம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நாங்கள் பூ வைத்த டின்களோடு நடந்தோம். வழியில் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எட்டுக் குடும்பம் புழங்கும் முற்றத்தில் கால் படாத இடம் எங்கே இருக்கிறது? பொன்னம்மாளும் நானும் முழித்துக்கொண்டு நிற்கும்போது ராஜம்மா சத்தமில்லாமல் வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பூஜை எண்ணெதானே, அல்வா? குடு இங்க. நீ கராஜ்காரன், உனக்கு மடி ஆசாரம் என்ன தெரியும்? நான் பாத்துக்கறேன். நீ போயி ஆனையைப் பாரு" என்றார்.

பொன்னம்மாளை அவரோடு விட்டுவிட்டு நான் மட்டும் யானையைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது கிணற்றுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இருந்த, பாம்பு செதுக்கிய நாகர்கல் கன்னங்கரேலென்று மின்னியது. தலையில் குங்குமம், மேலே செவ்வந்திப் பூ. வடாரத்தில் செருப்புக் கால் மட்டுமல்ல, வெறுங்கால்கூடப் படாத இடம் அது ஒன்றுதான். கிணற்றின் கருங்கல் சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம் மண் இருந்தால் அதிகம். இரண்டு டின்னும் அங்கே போயிருந்தன.

அதற்கப்புறம் நல்ல மழை பிடித்தது. விட்டு விட்டு நாள் கணக்கில் பெய்தது. ஒரு காலையில் வாத்தியார் கிணற்றடியில் வாளியைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் வாங்கோ, கிணத்துல வானவில் தெரியறது!" என்று கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தோம். தண்ணீர் மேலே நீலமும் சிவப்பும் மஞ்சளும் வளையம் வளையமாக மிதந்தன. சாமுண்டித் தாயின் அருள் என்று வாத்தியார் கொஞ்சம் எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டார். நான் தெளித்துக்கொள்ளவில்லை. அந்த வளையத்தை நான் கராஜ் தரையில் தினமும் பார்க்கிறவன். அருள் ஒரு வேளைதான் நின்றது. மத்தியானம் எல்லார் வீட்டுச் சோற்றிலும் அது தெரிந்துவிட்டது.

சாயங்காலம் முற்றத்தில் கூட்டம். எட்டு வீட்டில் எண்ணெய்த் துணி உடுத்துகிறவன் நான் ஒருவன்தான். ஆகவே விசாரணை சீக்கிரம் முடிந்தது.

"இவன் பட்டறைத் துணியைக் கிணத்தடியில தோய்ச்சுத்தான் இப்படி ஆயித்து" என்றார் ராஜம்மா. "ஏன்ரீ, நான் அப்பவே சொல்லல்லியா, கராஜ்காரனுக்கு மனை கொடுக்கக்கூடாதுன்னு?"

"அம்மா, அந்தப் பூஜை எண்ணெய நாகர்கல்லுல ஊத்தினீங்களே, அது..." என்று ஆரம்பித்தேன்.

"ஏனு? என்ன சொன்னே? நாகப்பன் நம்ம கிணத்துல விஷம் கலப்பானா?"

கூட்டத்தில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதற்குமேல் நான் என்ன சொன்னாலும் நாகதோஷம். தீபாவளிக்குள் வீட்டைக் காலி பண்ணிவிட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

வீடு மாறுவது பெரிய விஷயமா என்று கேட்கலாம். அப்போது பொன்னம்மாளுக்கு ஏழாம் மாதம். அவளுக்குத் தாயில்லை. பிரசவத்துக்குப் போகப் பிறந்த வீடும் இல்லை. நான் இரண்டு தெரு அலைந்து பார்த்தேன். கராஜ்காரன் என்றதும் பாதிக் கதவு மூடியது. பிள்ளைத்தாச்சி என்றதும் மீதிக் கதவும் மூடியது. பிரசவத் தீட்டு படும் என்று தெரிந்தே யார் வீடு விடுவார்கள்? எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. லாரிக்கடியில் ஜாக்கி நழுவியபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. பொன்னம்மா மட்டும் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வேறு வழியில்லாமல் ஐயங்காரிடம் போய் நின்றேன். "நீங்க ஒரு வார்த்தை வந்து சொன்னா அந்தம்மா கேப்பாங்க சார்" என்றேன்.

"என்னன்னு சொல்லணுங்கறே?"

"கால் படாத எடத்துல விடச் சொன்னது நீங்கதான்னு."

குடை நுனியால் தரையில் ஏதோ கிறுக்கினார். வருவதாகச் சொன்னார். எதைச் சொல்வதாகவும் சொல்லவில்லை.

வந்தார். தலைப்பாகையைப் பார்த்ததும் வடாரமே எழுந்து நின்றது. நேராகக் கிணற்றடிக்குப் போனார். வாளித் தண்ணீரைப் பார்த்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு பக்கச் சுவரில் கல் இடுக்கெல்லாம் கறுப்பாகக் கசிந்து வழிந்திருந்தது. அதற்கு நேர் மேலே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நிமிர்ந்து பார்த்தார். செவ்வந்திப் பூ வாடிப்போய் இன்னும் அங்கேயே இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சூப்பரிண்டெண்ட் பதவியில் இருப்பவர்களுக்குப் புரிவது ஒன்று, வாயில் வருவது ஒன்று.

"பயப்பட ஒண்ணுமில்லே" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "எண்ணெய் லேசு, தண்ணி கனம். எண்ணெய் மேலேதான் மிதக்கும். வாளியை நன்னா ஆழத்துலே முக்கி எடுத்தேள்னா அடியிலே இருக்கற தண்ணி அமிர்தம்."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தண்ணீருக்கு நற்சாட்சி கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார்.

ராஜம்மா நல்ல மனுஷி. பெரிய மனிதர் சொன்னால் அப்படியே நம்புவார். வீடு தேடி வந்தவருக்கு ஒரு கட்டி வெல்லமும் ஒரு சொம்பு தண்ணீரும் கொடுக்காமல் அனுப்புவது மைசூரில் இல்லாத வழக்கம். அவர் சொன்னபடியே வாளியை ஆழத்தில் முக்கி எடுத்து, வெள்ளிச் சொம்பில் ஊற்றி, வெல்லத்தோடு கொண்டுவந்து நீட்டினார்.

ஐயங்கார் சொம்புக்குள் பார்த்தார். எல்லா வர்ணமும் இருந்தது.

"இன்னிக்கு ஏகாதசி" என்றார்.

"ஏகாதசி போன வாரமே ஆயித்தல்வா சுவாமி? இன்னிக்குப் பஞ்சமி. நாகப்பனுக்கு உகந்த நாள். அதுவுமில்லாம தண்ணிக்கு ஏகாதசி ஏது?" என்றார் ராஜம்மா, கள்ளங்கபடமில்லாமல்.

எட்டு வீடும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வெல்லத்தை வாயில் போட்டார். சொம்பை உயர்த்தினார். குடித்தார். ஒரு சொட்டுக்கூட வீணாக்காதவர் என்று பெயர் எடுத்தவர், அன்று பாதியிலே சொம்பைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது. தன் கராஜ் ஆயிலை இருபது வருஷம் அளந்து பார்த்தவர் அன்றைக்குத்தான் ருசி பார்த்தார்.

அப்போது பொன்னம்மா கதவோரமிருந்து முன்னால் வந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு ராஜம்மாவின் எதிரில் நின்றாள்.

"ஏனுங்கம்மா, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? நீங்க நாகப்பனுக்கு எண்ணெ வெச்சு உட்டீங்க. நல்ல காரியந்தானுங்க. ஆனா எண்ணெ வெச்சா தலைக்கு ஊத்தோணுமில்லீங்க? நம்ம கொழந்தைக்கு எண்ணெ தேச்சுப் போட்டு அப்படியே உட்டுருவமா? இத்தன நாளா எண்ணெத் தலையோட மழையில உக்காந்திருக்கறாரு. அதுதான் எறக்கி உடுங்கடீன்னு கெணத்துல காட்டறாரோ என்னமோ?"

ராஜம்மா நாகர்கல்லைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். பொன்னம்மாளைப் பார்த்தார். "அய்யய்யோ, ஹௌது, ஆமா" என்றார் மெதுவாக. "எண்ணெ வெச்சது நான்தான். நீரு ஊத்த மறந்தே போனேன்."

ஐயங்காருக்கு உயிர் வந்தது. முங்கிப்போகிறவனுக்குக் கயிறு கிடைத்த மாதிரி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். "பேஷ்! கோவில்லே எண்ணெய்க்காப்பு சாத்தினா அப்புறம் திருமஞ்சனம் பண்ணாம விடறதுண்டோ? இதிலே யார் மேலேயும் தப்பில்லே. ஒரு கைங்கரியம் பாதியிலே நின்னுபோயிருக்கு. அவ்வளவுதான். நாளைக்கு முடிச்சுடலாம். தைலம் ஊறின மண்ணையும் சுத்தமா எடுத்துடணும், அது பிரசாதம் மாதிரி. கிணத்தை எறைக்க கராஜ் பம்பை அனுப்பறேன்."

மறுநாள் நாகர்கல்லுக்குச் சீயக்காய் போட்டுத் திருமஞ்சனம் நடந்தது. எங்கள் கராஜ் ஆட்கள் வந்து மண்ணை இடுப்பளவுக்குத் தோண்டினார்கள். எவ்வளவு தோண்டினாலும் கறுப்பு வந்துகொண்டே இருந்தது. சுவரின் கல் இடுக்குகளைச் சுரண்டிக் காரை பூசினோம். பம்பு வைத்துக் கிணற்றை அடிவரை இறைத்தோம். மறுபடி ஊறியது, மறுபடி இறைத்தோம். இறைத்த தண்ணீரை எங்கே விடுவது என்று கேட்டதற்கு ராஜம்மா அடுத்த வடாரத்துப் பக்கம் கையைக் காட்டினார். அதற்கப்புறம் அது எங்கே போயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை.

மண் மட்டும் வண்டி நிறையச் சேர்ந்திருந்தது. "அதைக் கால் படாத..." என்று ஐயங்கார் ஆரம்பித்து, என்னைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார். நஞ்சன்கூடு ரோட்டில் செங்கல் சூளை இருப்பதை நான் சொன்னேன். எண்ணெய் மண் நன்றாக எரியும் என்று சூளைக்காரர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். "அக்னியிலே விட்டா எந்த சாஸ்திரமும் கேள்வி கேக்காது" என்றார் ஐயங்கார். அன்றிலிருந்து சனிக்கிழமை டின் நின்றது. பீப்பாய் பீப்பாயாக ஆயில் சூளைக்குப் போயிற்று. கடைசிவரை அதைத் தன்னுடைய திட்டம் என்றே சொல்லிக்கொண்டார். அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் யாரும் எங்கள் வடாரத்தில் இல்லை என்பதால் எங்களுக்கும் அது நல்ல திட்டமாகவே தெரிந்தது. பச்சைப் பீப்பாய்க்குப் பூட்டுப் போடுகிற இந்தக் காலத்தவர்கள் எங்களைத் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டைக் காலி பண்ணச் சொன்னதை ராஜம்மா வாபஸ் வாங்கவில்லை. அப்படியொன்று சொன்னதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தீபாவளியன்று விடியுமுன் அவரே எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து பொன்னம்மாளுக்குத் தலைக்குத் தேய்த்துவிட்டார். நல்லெண்ணெய்தான், நான் முகர்ந்து பார்த்தேன். தை மாதத்தில் அந்த வீட்டிலேயே எங்கள் மகள் பிறந்தாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குழந்தைக்கு முதல் குளியல் செய்வித்தவரும் ராஜம்மாதான்.

எனக்குள் மட்டும் ஒரு பொருமல் இருந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பொன்னம்மா உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் கேட்டேவிட்டேன். "அன்னிக்கு அத்தன பேரு முன்னால என்னயக் குத்தவாளி ஆக்கினாங்களே. ரெண்டு டின்னையும் அந்தம்மா ஊத்தறதக் கிட்ட நின்னு பாத்தவ நீ. ஊத்தினது இவங்கதான்னு அப்பவே நேராச் சொல்லியிருந்தா என்ன?"

பொன்னம்மா குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"அந்தம்மா மேல பழியப் போட்டிருந்தா வூடு போயிருக்கும். உங்க மேல இருக்கட்டும்னு உட்டிருந்தாலும் வூடு போயிருக்கும். அதான் சாமி மேல போட்டேனுங்க. அவரு யாரையும் வூட்டக் காலி பண்ணச் சொல்லமாட்டாரு."